இரண்டு கேட்டுக்கு நடுவில் குஞ்சு வண்டி

எங்கள் செக்போஸ்ட் ஆபீஸில் அவருக்குப் பட்டப்பெயர் 'வரட்டும் அக்கா'. எல்லை தாண்டிப் போகும் சரக்குக்கு ஏற்றுமதிப் பதிவு போட்டுக் கொடுக்கும் ஏஜெண்ட். நானும் அதே தொழில்தான், பக்கத்து மேசை. வண்டி கிளம்பிவிட்டது என்று போன் வந்ததுமே நாங்கள் பதிவை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். அக்கா மட்டும் வண்டி யார்டுக்குள் நுழைந்து, டிரைவர் முகத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பட்டனை அழுத்துவார். தலைகீழாக நின்று கேட்டாலும் ஒரே பதில்தான்: "வண்டி வரட்டும்."

காரணம் எனக்குத் தெரியும். அவர் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். ஒருநாள் அவர் கிளம்பிய செய்தி வந்ததும் அக்கா பதிவை அனுப்பினார். அனுப்பிய கொஞ்ச நேரத்தில் மலைப்பாதை வளைவில் வண்டி உருண்டது, அவர் பிழைக்கவில்லை. பதிவுக்கும் வளைவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் ஒன்றுமில்லைதான். அது அக்காவுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? விரல் கேட்கவில்லை. விபத்து ஊருக்கே தெரியும், ஆனால் இந்தப் பதிவு விஷயத்தை வீட்டில் யாரிடமும் அவர் சொன்னதில்லை. சொந்தத் தம்பிக்கே தெரியாது.

அந்த வருஷம் பக்கத்து நாட்டு டைல்ஸுக்கு நம்மவர்கள் வரியை ஏற்றினார்கள். அவர்கள் என்ன, விரல் சூப்பிக்கொண்டா இருப்பார்கள்? ஒருநாள் காலை பதினொரு மணிவாக்கில் அங்கிருந்து உத்தரவு வந்தது. இனி நம் கோழிக்குஞ்சு அவர்கள் நாட்டுக்குள் வரக் கூடாது. அன்று பகல் பன்னிரண்டுக்குள் ஏற்றுமதிப் பதிவான வண்டிக்கு மட்டும் விலக்கு. டைல்ஸுக்குப் பதில் கோழிக்குஞ்சு. பெரிய மனிதர்கள் சண்டையில் நியாயம் பார்க்கக் கூடாது.

அன்றைக்கென்று பார்த்து அக்காவின் தம்பி வண்டி வழியில் இருந்தது. புதிதாகக் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி வைத்து, அங்கே ஒரு பண்ணைக்காரரைப் பிடித்து, முதல் பெரிய ஆர்டர். முந்தின நாள் பொரித்த குஞ்சுகள். பயத்தில் அவனே டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து வந்துகொண்டிருந்தான்.

நான் அவர் மேசைக்கு ஓடினேன். "அக்கா, போட்டுருங்க. இன்னும் நேரம் இருக்கு."

"வண்டி எங்க இருக்காம்?"

"இப்பதான் மலை இறங்குதாம். வந்துரும்க்கா, நீங்க அழுத்துங்க."

"வரட்டும்."

"வர்றதுக்குள்ள பன்னெண்டு தாண்டிரும். இது உங்க தம்பி சரக்கு."

"சரக்கு மட்டும்னா மனசைக் கல்லாக்கிட்டு இந்நேரம் அழுத்தியிருப்பேன்," என்றார். "அவனே உள்ள இருக்கான்."

திரையில் எல்லாம் நிரப்பித் தயாராக இருந்தது. மவுஸ் மேல் கை. பொறுக்க முடியாமல் நானே அழுத்திவிடலாம் என்று குனிந்தேன். என் கையைத் தட்டிவிட்டார். அப்புறம் யார் என்ன சொன்னாலும் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு தாண்டியது. எனக்கு அவரை நாலு அறை அறையலாம் போலிருந்தது.

சிறிது நேரத்தில் வண்டி நல்லபடியாக வந்து சேர்ந்தது. அக்கா வாசலுக்கு ஓடித் தம்பி முகத்தைப் பார்த்தார், திரும்பி ஓடிவந்து பட்டனை அழுத்தினார்.

"பன்னெண்டுக்கு முன்னாடியே போட்டுட்டல்ல?" என்று கேட்டுக்கொண்டே வந்தான் தம்பி.

"இப்பதான் போட்டேன்."

"காலையில இருந்து என்னக்கா பண்ணிட்டு இருந்த?"

அக்கா திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவனும் ஆத்திரக்காரன், அங்கே போய்ப் பேசிக்கொள்கிறேன் என்று வண்டியை எடுத்துவிட்டான். நம் கேட் திறந்தது. வெளியே போகிற சரக்கை இவர்கள் ஏன் தடுக்கப் போகிறார்கள்? அவர்கள் கேட் திறக்கவில்லை. திரும்பலாம் என்றால் நம் கால்நடை டாக்டர் மறித்தார்: வெளியே போன பறவை நோயோடு வரலாம், உள்ளே விட முடியாது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

இரண்டு கேட்டுக்கும் நடுவில் வெறும் சிமெண்ட் தரை, ஒரு மரம் கிடையாது. தம்பி தார்ப்பாயைத் தூக்கிக் கட்டி, வண்டியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றி, அட்டையால் விசிறிக்கொண்டிருந்தான். முதலில் குஞ்சுகளின் கத்தல் ஆபீஸ் வரை கேட்டது. கத்துகிற வரை பயமில்லை என்று அவன் சொல்லியிருந்தான். மூன்று மணிக்கு மேல் சத்தம் குறைய ஆரம்பித்தது.

அக்கா எழுந்து அந்தப் பக்கத்துக் கேட்டுக்கு நடந்தார். நானும் கூடப் போனேன். அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. சத்தம் அடங்குவது அவருக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"நீங்க நேரத்தோட அனுப்பி, உங்க கம்ப்யூட்டர் ஏத்துக்காம விட்டிருந்தா அதுக்கு ரூல்ல இடமிருக்கு," என்றார். "ஏஜெண்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா போதும். அப்படித்தான நடந்துச்சு?"

எந்தப் பட்டனை எப்போது தொட்டோம் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும். தணிக்கைக்காரர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். பொய் என்று தெரிந்தால் லைசென்ஸ் போனது போனதுதான், ஆயுசுக்கும் திரும்பக் கிடைக்காது.

"வேணாம்க்கா," என்றேன் காதோரம். "மாட்டிக்குவீங்க."

"அப்படித்தான் சார் நடந்துச்சு," என்றார் அக்கா. அங்கேயே நின்றபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார். கேட் திறந்தது. வண்டியோடு நின்றிருந்த தம்பிக்கு இது எதுவும் தெரியாது.

மறுநாள் காலி வண்டியோடு திரும்பியவன் நேராக அக்கா மேசைக்கு வந்தான். "ரெண்டு பெட்டிக் குஞ்சு செத்துப்போச்சு. மிச்சம் பொழச்சது அந்த ஆபீசர் புண்ணியத்துல. யாரோ ஒருத்தருக்கு இருக்கற இரக்கம் கூடப்பொறந்தவளுக்கு இல்ல. இனிமே என் வண்டிக்கு வேற ஏஜெண்டைப் பாத்துக்கறேன்."

நான் பேச வாயெடுத்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். "இவர்கிட்டயே குடு," என்று என்னைக் காட்டினார். "நல்லா பண்ணுவார்." அவன் போன பிறகு, இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று வாக்கும் வாங்கிக்கொண்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஒரு மாதம் கழித்து இரண்டு நாட்டு மந்திரிகளும் கைகுலுக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். டைல்ஸ் வரி குறைந்தது, குஞ்சுத் தடை நீங்கியது. அதே வாரம் தணிக்கை வந்து அக்காவின் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டு போனது. இத்தனை வருஷம் உட்கார்ந்த மேசையை ஒரு துணியால் துடைத்து வைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனார்.

அடுத்த நாள் தம்பியின் வண்டி வந்தது. நான் பதிவு போட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தவன் காலி மேசையைப் பார்த்தான்.

"பொய்க் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கிச்சாமே எங்கக்கா," என்றான். "எந்த வண்டிக்குன்னு தெரியல. நல்லவேளை, நான் அப்பவே மாறிட்டேன்."

எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். கொடுத்த வாக்கு போனால் போகட்டும் என்று, மலைப்பாதை வளைவிலிருந்து அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.