மாட்டை மட்டும் கொல்லாத காற்று

முகாமில் நிவாரண மாவு பிரித்துக் கொடுத்த அன்று பட்டியலில் நாங்கேயின் பெயர் இல்லை. மூன்று பிள்ளைகளையும் ஒரே ராத்திரியில் நியோஸ் ஏரி கக்கிய விஷக்காற்றுக்குப் பறிகொடுத்துவிட்டுப் பேச்சற்று உட்கார்ந்திருந்தவளிடம் யார் பெயர் கேட்டார்கள்? வெறுங்கையோடு குடிசைக்குத் திரும்பினால், கூடையில் சோளமாவு. பக்கத்துக் குடிசைத் திம்தி வானத்தைப் பார்த்தபடி, "மழை வரும்போல தாயி" என்றார். அவருடைய மாவு மூட்டை பாதியாகச் சுருங்கிக் கிடந்தது.

அவருடைய மனைவியும் நாலு பிள்ளைகளும் அதே ராத்திரியில் போனவர்கள்தான். சொந்தம் செத்தால் வீட்டு முற்றத்தில் புதைப்பது அந்த ஊர் வழக்கம். பட்டாளத்தார் எல்லோரையும் ஒரே குழியில் தள்ளி மூடினார்கள். முற்றத்திலாவது நாலு சோளம் விதைத்து அவர்களுக்குப் படைக்க வேண்டும் என்பதே திம்தியின் ஒரே ஆசை.

பதினெட்டு வருடம் ஆயிற்று. ஏரியில் குழாய் இறக்கிக் காற்றை வெளியேற்றுகிறார்கள். ஆனாலும் ஊர் திரும்பத் தடை. திம்தி வருடா வருடம் கொள்ளிக்கட்டையை முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு ஊர் இருந்த பள்ளத்தில் இறங்குவார். தீ மங்கினால் அங்கே விஷக்காற்று தேங்கியிருக்கிறது என்று அர்த்தம், மேட்டுக்கு ஓட வேண்டும். விதைப்பார், காவலர்கள் பிடித்துவந்து முகாமில் விடுவார்கள்.

இந்த வருடம் முளைத்த பயிரை மாடுகள் மேய்ந்திருந்தன. பெரிய மனிதர் ஒருவருடைய மந்தை, இருநூறு உருப்படி. திம்தி நாங்கேயையும் கூட்டிக்கொண்டு அதிகாரியிடம் போனார்.

"அங்க உயிருக்கு ஆபத்து, பெரியவரே."

"மாட்டுக்கு உயிர் இல்லீங்களா, ஐயா? அன்னைக்கு மாடும்தானே செத்துச்சு?"

"அதெல்லாம் மேலிடத்து விஷயம்."

"மேலிடத்து மாடுன்னா விஷக்காத்து வழிவிட்டு ஒதுங்குமோ?" நாங்கேதான் கேட்டாள். இத்தனை வருடத்தில் அவள் குரல் உயர்ந்தது அன்றுதான்.

அதிகாரி கதவைச் சாத்தினார். ஏரி செய்ததைக் கடவுளிடம் அழுது ஆற்றிக்கொள்ளலாம். இதை யாரிடம் கொண்டுபோய் அழுவது?

மறுநாள் காலை திம்தி விதைப்பையும் கொள்ளிக்கட்டையுமாக நின்றார்.

"பிடிச்சா இந்தத் தடவை ஜெயில்தான் அண்ணே" என்று நாங்கே தடுத்துப் பார்த்தாள். பிறகு தன் அடுப்பிலிருந்தே நெருப்பு எடுத்துக் கொடுத்தாள்.

"கதிர் வந்தா உன் பிள்ளைங்களுக்கும் சேத்துப் படைக்கிறேன் தாயி" என்றார் திம்தி. "யாராச்சும் என்னைத் தேடி வந்தா, முதல்ல மாட்டை ஓட்டிட்டு வரச் சொல்லு. பின்னாலயே நானும் வர்றேன்."