கட்டுப் போட்ட கார்

என் கணவருக்கு மூக்கு கொஞ்சம் அதிகம். குழம்பு அடிப்பிடித்தால் தெருமுனையில் வரும்போதே சொல்லிவிடுவார். காரில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று முதலில் கண்டுபிடித்ததும் அந்த மூக்குத்தான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மூக்கு சொன்னதை எல்லாம் ஒத்துக்கொண்டால் வீட்டில் குடித்தனம் நடத்த முடியாது. ஆனால் அடுத்த திங்கட்கிழமை எனக்கே தலை கிறுகிறுத்தது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. வீடு இராஜபாளையம். வருடக்கணக்காக டவுன் பஸ் படிக்கட்டில் கால் வைக்க இடம் தேடிப் போய்வந்தவள், நாற்பதைத் தாண்டிய பிறகு பிடிவாதமாகக் கார் ஓட்டப் பழகினேன். வாங்கியது யாரோ ஓட்டிக் கழித்த பழைய பெட்ரோல் வண்டி. இருக்கட்டுமே. கண்ணாடியை இறக்கிவிட்டு, மேற்கே மலையைப் பார்த்தபடி நானே ஓட்டிக்கொண்டு போகும் அந்தக் காலை நேரம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். அந்த நேரத்தில் என்னிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

வாடை வந்த பிறகு அந்தச் சுகம் போயிற்று. கார் நிற்பது சமையலறை ஜன்னலுக்கு வெளியே. வண்டியைத் தெருவுக்குத் தள்ளாமல் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்று கணவர் சட்டம் போட்டார். தினமும் காலையில் அவர் தள்ள, எதிர்வீட்டுக்காரர் வந்து கைகொடுக்க, அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் காப்பி.

சனிக்கிழமைதோறும் வண்டியை ஒர்க்ஷாப்பில் விட்டோம். மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார். "டீச்சர், ஒரு சொட்டு இல்ல. காஞ்சு கெடக்கு" என்று திருப்பித் தந்தார். திங்கட்கிழமை காலையில் நான் வாரத்துக்கும் சேர்த்து டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினால், மறுபடி அதே வாடை. வெள்ளிக்கிழமைக்குள் தானாகவே போய்விடும். காய்ச்சல்கூட டாக்டரைக் கண்டால் இறங்கிவிடுமே, அந்தக் கதைதான்.

கடைசியில் கணவர் ஒரு முடிவுக்கு வந்தார். தளவாய்புரத்தில் இருக்கும் அவருடைய சிநேகிதருக்கு வண்டியை விலைக்குக் கொடுத்துவிடுவது. கசிவைச் சரிபண்ண அவரிடம் ஆள் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்வாராம். எல்லாம் பேசி முடித்த பிறகுதான் எனக்குச் செய்தி வந்தது. கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அன்று ரசத்துக்கு உப்பே போடவில்லை. அவரும் மூச்சுக் காட்டாமல் குடித்தார்.

சனிக்கிழமை காலையில் நானே தேடுவது என்று இறங்கினேன். கணவர் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் சூப்பர்வைசர். கழிவுத் துண்டுகள் எங்கள் வீட்டில் மூட்டையாகக் கிடக்கும். தயிர் வடிகட்டுவது அதில்தான், வடகம் காய்வது அதில்தான். ஆகவே எனக்கு வேறு யோசனை வரவில்லை. காயம் எங்கே என்று தெரியவில்லையா, எல்லா இடத்திலும் கட்டுப் போடு. எங்கே நனைகிறதோ அங்கேதான் புண். பழைய நைட்டியோடு பாயை விரித்து வண்டிக்கு அடியில் புகுந்து, இன்ஜினிலிருந்து பின்பக்க டேங்க் வரை, குழாய் இணைகிற ஒவ்வொரு இடத்திலும் வெள்ளைத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டேன்.

"என்னட்டி, வண்டிக்கு ஆக்ஸிடெண்டா?" என்றார் கணவர்.

"ஒடம்பு சரியில்ல. நீங்க ஜோலியப் பாருங்க."

தெருவைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்து பார்த்தேன். அத்தனை கட்டும் மல்லிகைப் பூவாக இருந்தது. "நான்தான் சொன்னேம்லா" என்று அவர் உள்ளே போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வண்டி போகப்போகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

சரி, போவது போகட்டும், மரியாதையாகப் போகட்டும் என்று பெட்ரோல் பங்க்குக்கு ஓட்டிப்போய் டேங்கை நிரப்பினேன். மகளைக் கட்டிக்கொடுத்தாலும் மாட்டைக் கொடுத்தாலும் வெறும் வயிற்றோடு அனுப்பிப் பழக்கமில்லை எங்கள் வீட்டில். ஆசை தீர மடவார்விளாகம் வரை ஒரு முறை ஓட்டினேன். திரும்பும்போதே வாடை தூக்கியது.

வீட்டு வாசலில் நிறுத்தி, சேலையோடு அப்படியே அடியில் புகுந்தேன். பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்கு இறங்குகிற ரப்பர் குழாயில் கட்டிய துணி மட்டும் சொதசொதவென்று மஞ்சளாக நனைந்திருந்தது. குழாயின் மேல்முனையில் விரிசல். டேங்க் நிறைந்தால்தான் பெட்ரோல் அந்த உயரத்துக்கு ஏறும்.

"ஏங்க! ஆம்புட்டுருச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்தான் முதலில் ஓடிவந்தார்.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "டீச்சர், ஒரு தடவையாவது ஃபுல் டேங்கோட விட்டிருந்தா அன்னைக்கே சொல்லிருப்பேன். எப்பப் பாத்தாலும் டேங்க் ஒணந்து காஞ்சுபோயில்லா வண்டி வருது?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் பப்பாளி மரத்தைப் பார்த்தார். ஒர்க்ஷாப்பில் பெட்ரோலைத் திருடிவிடுவார்கள் என்று, ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் டியூபைப் போட்டு உறிஞ்சித் தன் பைக்கில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர். ஊரில் பாதிப் பேர் செய்கிற காரியம்தான். பூனை குடித்துவிடும் என்று பயந்து வீட்டுக்காரரே பாலைக் குடித்த கதை. நான் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு வலித்தது. அன்று மதியமே புதுக் குழாய் ஏறியது.

மறுநாள் ஆராதனை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்தபோது சிநேகிதர் வாசலில் நின்றிருந்தார். சண்டைக்கு வேண்டிய வார்த்தைகளைக் கோயிலிலேயே யோசித்து வைத்திருந்தேன். ஜெபத்தில் மனது நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார்.

"எங்கிட்டக் கேக்காதப்பா. வண்டி அவளுது. அவகிட்டக் கேளு."

சிநேகிதர் என் பக்கம் திரும்பினார். "என்ன மதினி, வண்டியக் குடுக்கியளா?"

யோசித்து வைத்த ஒரு வார்த்தைகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

"இல்ல தம்பி," என்றேன். "நான்லா ஓட்டணும்."