வாய் மூடாத படம்

என் மாமாவை, அதாவது அம்மாவின் தம்பியை, இப்போது பெரிய ஓவியர் என்கிறார்கள். படம் வரைகிறார், சினிமாவும் எடுக்கிறார். அன்றாட வாழ்க்கையைக் கொண்டாடுகிற கலைஞர் என்று பத்திரிகையில் போட்டிருந்ததை என் மகள் எனக்கு வாசித்துக் காட்டினாள். அந்த நாளில் எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர் இருந்தது. வேலை வெட்டி இல்லாதவன் என்பார்கள்.

மெட்ராசில் ஓவியம் படித்துவிட்டு வந்தவர் பிழைப்புக்குக் கல்யாண வீடியோ எடுக்கப் போனார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தால்தான் கல்யாணமே களைகட்டும். பெரியப்பா மகள் கல்யாணத்துக்கும் மாமாதான் எடுத்தார். கேசட்டைப் போட்டுப் பார்த்தால் கெட்டிமேளம் மட்டும் கேட்கிறது. மாப்பிள்ளையைக் காணோம், பெண்ணைக் காணோம். கொல்லைப்புறத்தில் சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மணமேடை இருக்கும் திசையைப் பார்த்துக் கண்ணை மூடிக் கும்பிடுகிறார்.

"தாலி கட்டறத எடுடான்னா சாம்பார் கிண்டறவன எடுத்துக்கினு வந்து நிக்கறான்" என்று பெரியப்பா வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு மாமாவை யாரும் கூப்பிடவில்லை. அவர் பாட்டுக்கு செவிலிமேடு பஸ்ஸில் தூங்குகிறவர்களை எடுத்தார். டீ ஆற்றுகிற கையை எடுத்தார். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா ராட்டினத்தில் தறிக்கான நூலைத் தாராகச் சுற்றுவதை எடுத்தார். பட்டு நெய்கிற வீட்டில் அம்மா கட்டியிருந்தது வெளுத்துப்போன நைலெக்ஸ் புடவை. மூஞ்சியில் எண்ணெய் வழிகிறது, போப்பா என்று அம்மா விரட்டினாள். நான் மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

மறு வருஷம் மஞ்சள் காமாலையில் அம்மா போய்விட்டாள். எனக்கு எட்டு வயது.

காரியத்துக்குப் படம் வேண்டும். கல்யாணப் போட்டோ மழை ஒழுகி எப்போதோ ஊறிப்போயிருந்தது. வேறு போட்டோ அம்மாவுக்கு இல்லை. நான் வரைகிறேன் என்றார் மாமா. அம்மாவை எடுத்த கேசட்டைப் போட்டுப் பார்க்க டெக்கும் டிவியும் வாடகைக்கு வந்தன. முன்பெல்லாம் டெக் வந்தால் தெருவே எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கும். இந்த முறை யாரும் வரவில்லை.

அம்மா தலையைத் திருப்பிப் பார்க்கிற இடத்தில் மாமா படத்தை நிறுத்துவார். வெள்ளைக் கோடு நடுங்க நடுங்க அம்மா நிற்பாள். மாமா வரைவார். கொஞ்ச நேரம் போனால் டெக் தானாகவே விட்டுவிடும். அம்மா ஏதோ சொல்லிவிட்டு மறுபடி தாரைச் சுற்றுவாள். என்ன சொன்னாள் என்பது கேட்காது. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா நெய்துகொண்டிருந்த சத்தம் தடக் தடக்கென்று அம்மாவின் பேச்சை விழுங்கியிருந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டு எதிர்வீட்டுப் பெரியம்மா கோபமாக வந்தாள். "தீட்டு வீட்ல தறி ஓட்டறீங்களே, நல்லாவா இருக்குது?" என்றவள், டிவியில் அம்மாவைப் பார்த்ததும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்பா அந்த நாட்களில் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். சோற்றைப் பிசைவார், இரண்டு வாய் வைப்பார், எழுந்துவிடுவார். அவருக்குப் பசியே செத்துப்போச்சு என்று, எங்களோடு வந்து தங்கியிருந்த அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

படம் முக்கால்வாசி ஆனபோது பெரியப்பா வந்து பார்த்தார். அவருக்குப் பிடிக்கவில்லை. மாலை போடுகிற படத்தில் வாய் திறந்திருக்கலாமா? பேசுகிற மாதிரி இருக்கிறது, வருகிறவர்கள் பயப்படுவார்கள், வாயை மூடி வரை என்றார். மூடினால் அது என் அக்கா இல்லை என்றார் மாமா. இரண்டு பேரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா டிவிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா சொல்றா அவ?"

"கேக்கல மாமா. தறி சத்தம். எனக்கும் நெனப்பில்ல." என் மாமா அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னொரு தபா போடு."

மாமா போட்டார். இன்னொரு தபா. இன்னொரு தபா. அப்பா காதை டிவி மேலேயே வைத்துவிட்டார். அந்த இடத்தில் கேசட் தேய்ந்து, அம்மாவின் முகத்தில் மழை பெய்கிற மாதிரி புள்ளி விழ ஆரம்பித்தது. பெரியப்பா எப்போது எழுந்து போனார் என்று தெரியவில்லை.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இதற்குப் போய் இவ்வளவா? அம்மா பெரிதாக எதுவும் சொல்லவில்லையே.

"சோறு ஆறிப்போவுது, உங்கப்பாவ வரச் சொல்லுன்னு சொல்லிச்சுப்பா" என்றேன். "நான்தான் வந்து சொன்னேனே."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "நான் இன்னா சொன்னேன்?"

"தோ வரேன்னு சொன்ன. ஆனா வரல."

மாமா டெக்கை அணைத்தார். அப்பா எழுந்து குழாயடிக்குப் போய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்தார். சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அத்தையிடம் சோறு போடச் சொன்னார். சற்று முன்புதான் அவர் சாப்பிட்டு எழுந்திருந்தார். அத்தை பானையில் இருந்ததைப் போட்டாள். அது ஆறிப்போயிருந்தது. அப்பா தலையைத் தூக்காமல் முழுவதையும் சாப்பிட்டார். தட்டை வழித்த பிறகுதான் பேசினார்.

"வாய மூட வேணாம் மச்சான். அப்படியே இருக்கட்டும்."

மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, காய்ந்த தூரிகையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு ஒரே சந்தோஷம். எதிர்வீட்டுக்கு ஓடிப்போய்ப் பெரியம்மாவிடம் சொன்னேன், எங்க அப்பாவுக்குப் பசி வந்துவிட்டது, இன்னிக்கு இரண்டு முறை சாப்பிட்டார் என்று.