பெயர், ஊர், படகு எண்

தங்கச்சிமடத்தில் மனு என்றால் லீமாரோஸ்தான். மெயின் ரோட்டில் காளீஸ்வரனின் ஜெராக்ஸ் கடை, அதில் ஃபேன் காற்று எட்டாத மூலை, அங்கே ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல், ரேஷன் கார்டில் விழுந்த எழுத்துப்பிழை என்று எதற்கும் அவளிடம்தான் வருவார்கள். ஆனால் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது, கடலில் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அக்கரைச் சிறையில் கிடக்கிறவர்களுக்காக எழுதுகிற மனு. அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அவளுடைய அய்யாவும் அப்படி ஐந்து மாதம் அங்கே கிடந்து வந்தவர்தான். அப்போது அவள் பிளஸ் டூ. மனு எழுதிக் கொடுத்த மகராசன் அய்யாவின் பெயரையே தப்பாக எழுதித் தொலைத்தான். அதைத் திருத்த அவளுடைய அம்மா மூன்று தடவை ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினாள். அந்த ஆத்திரத்தில் லீமாரோஸ் டைப்ரைட்டிங் படித்தாள், கம்ப்யூட்டர் படித்தாள், கடைசியில் இந்த மூலைக்கு வந்து சேர்ந்தாள்.

ஆரம்பத்தில் ஒரு மனுவுக்கு முக்கால் மணி நேரம் எடுப்பாள். போலீஸ்காரர் தோற்றுப்போகிற மாதிரி கேள்வி கேட்பாள். என்ன வலை, எத்தனை மணிக்குக் கிளம்பினார், எந்தத் திக்கில் போனார், கடைசியாக யார் பார்த்தது? வந்தவள் அழுதால் அழவிடுவாள், மூக்கைச் சிந்தவிடுவாள், பிறகு, “சரி புள்ள, அழுதது போதும், என்ன வலைன்னு சொல்லு” என்று விட்ட இடத்தில் பிடிப்பாள். வாசலில் வரிசை நிற்கும். காளீஸ்வரன் முணுமுணுப்பான். அவள் காதில் வாங்கிக்கொள்ள மாட்டாள்.

போன வருடம் ஏஐ வந்தது. முதலில், “இதுக்கு வலையத் தெரியுமா, வல்லத்தத் தெரியுமா?” என்று நக்கலடித்தாள். ஒரு மாதத்தில் அது இல்லாமல் கை ஓடவில்லை. ஒரே தொல்லை, ஒவ்வொரு தடவையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. இன்று ஒரு மாதிரி எழுதும், நாளைக்கு வேறு மாதிரி எழுதும். யோசித்துப் பார்த்து வழி கண்டுபிடித்தாள். மாறாத விஷயத்தை எல்லாம் ஒரே கட்டளையாக ஒருமுறை எழுதி வைத்துவிடுவது. ஆளுக்கு ஆள் மாறுகிற இடத்தில் மட்டும் அடைப்புக்குறி போட்டு வெறுமனே விட்டுவிடுவது. அந்த வெற்றிடத்துக்கு அவள் வைத்த பெயர் குழி. ஆள் வந்ததும் குழிகளை நிரப்பித் தட்டினால் மனு வந்து விழும்.

இப்படி முப்பது கட்டளை சேர்த்துவிட்டாள். கெட்டிக்காரிதான், யார் இல்லை என்றது? ஒவ்வொன்றையும் பத்துத் தடவை ஓட்டிப் பார்த்து, சொல் சொல்லாகச் செதுக்கினாள். அவற்றில் ‘அக்கரை’ என்று பெயரிட்டதில் அவளுக்குத் தனிப் பெருமை. அதில் ஆறே குழி: பெயர், ஊர், படகு எண், போன தேதி, மனுதாரர், உறவு. கைதானதும் சிறையில் இருப்பதும் எல்லோருக்கும் பொது என்பதால் அதற்குக் குழி வைக்கவில்லை. கடைசியில் ஒரு வரியும் சேர்த்தாள்: ‘இருக்கலாம், தெரிகிறது என்று இழுக்காதே. எல்லாவற்றையும் உறுதியாக எழுது.’ இழுத்து எழுதிய மனுவை ஆபீஸ் மேஜைக்காரர்கள் மதிப்பதில்லை என்பது அவள் அனுபவத்தில் கண்டது.

எது மாறும், எது மாறாது என்று அவளே முடிவு கட்டினாள். முக்கால் மணி நேரம் நாலு நிமிடமாகச் சுருங்கியது. காளீஸ்வரன் முணுமுணுப்பதை நிறுத்தினான்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. முதல்நாள் கடலுக்குப் போன இரண்டு விசைப்படகுகளைப் பிடித்துவிட்டார்கள் என்று விடியும்போதே செய்தி வந்துவிட்டது. பன்னிரண்டு வீட்டுப் பெண்கள் கடை வாசலில் கூடினார்கள். லீமாரோஸ் குழிகளை மளமளவென்று நிரப்பினாள். பன்னிரண்டு மனு முடிந்து நிமிர்ந்தபோது பதின்மூன்றாவதாக பிரெசில்லா நின்றாள். கோயில் தெருக்காரி, கல்யாணமாகி மூன்று வருடம். புருசன் சகாயவினோத் வல்லம் என்கிற சின்ன நாட்டுப்படகில் தனியாளாக நண்டு வலை போடுகிறவன்.

“நேத்து காலையில போனாக. இன்னும் கரை வரலக்கா” என்றாள் பிரெசில்லா. “என்ஜின் நின்னு காத்துல அங்கிட்டு ஒதுங்கியிருப்பாக. அவுகளையும் சேத்துப் புடிச்சிருப்பாக.”

இந்தக் கரையில் இது ஒரு கொடுமை. பிடித்திருப்பார்கள் என்பதுதான் இங்கே நல்ல செய்தி. சிறை என்றால் உயிர் இருக்கிறது, என்றைக்காவது திரும்பும். அதனால் கரை வராதவனுக்கு எல்லோரும் முதலில் சிறையைத்தான் வேண்டிக்கொள்வார்கள். அவளும் வேண்டிக்கொண்டுதான் சொன்னாள்.

என்ன வலை என்று அன்றைக்கு லீமாரோஸ் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கரையோரம் நண்டுக்குப் போகிறவன் எல்லைக்குப் போய்ப் பிடிபடுவானா என்று அந்தக் கணமே உறைத்திருக்கும். மீனவன் மகளுக்கு இது தெரியாதா என்ன! ஆனால் ‘அக்கரை’ திறந்தபடி இருந்தது. “படகு எண் சொல்லு புள்ள” என்றாள். நாலு நிமிடம். மனு வந்து விழுந்தது.

‘மேற்படி சகாயவினோத் என்பவர் கைது செய்யப்பட்டு, அங்குள்ள சிறையில் அடைக்கப்பட்டுள்ளார். அவருக்கு உரிய உணவும் மருந்தும் கிடைக்கவும், அவர் விரைவில் நலமுடன் வீடு திரும்பவும்…’ லீமாரோஸ் வாசித்துக் காட்டினாள். பிரெசில்லா முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்து இவளுக்கும் நிம்மதி. ஒரு பிரதியை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனாள் அவள்.

அவள் சொன்னது ‘புடிச்சிருப்பாக.’ தாளில் இருந்தது ‘கைது செய்யப்பட்டு.’ அந்த ‘இருப்பாக’வைப் போட அங்கே குழி இல்லை.

தாளைப் பார்த்த பிறகு யார் சந்தேகப்படுவார்கள்? ஒரு ஆள் வரவில்லை என்றால் ஊர் சும்மா இருக்காது, ஏழெட்டு வல்லம் உடனே தேடிப் போகும். மீனவர் சங்கத்து பெஞ்சமின் அந்த மனுவை வாங்கிப் படித்துவிட்டு, “சரி, உசுரோட இருக்கான், அது போதும்” என்றார். ஒரு வல்லமும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பிடிபட்டவர்களின் பட்டியல் வந்தது. பன்னிரண்டு பெயர். மூன்று தடவை படித்தார்கள். அதற்குப் பிறகுதான் வல்லங்கள் இறங்கின. அந்தியில், பாம்பனுக்குத் தெற்கே, கவிழ்ந்த வல்லத்தை மட்டும் இழுத்து வந்தார்கள்.

திங்கட்கிழமை காலை பெஞ்சமின் பிரெசில்லாவைக் கடைக்குக் கூட்டி வந்தார். காணாமல் போனதாகப் புதிதாக மனு கொடுத்தால்தான் அரசாங்கத்தில் பெரிய அளவில் தேடுவார்கள். லீமாரோஸ் அடித்துக் கொடுத்த தாளில் பிரெசில்லா கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். ஜாக்கெட்டிலிருந்து பழைய தாளை எடுத்து நீட்டினாள்.

“வல்லத்த விட்டுட்டு ஆளப் புடிச்சிருப்பாக. செயில்ல இருக்காகன்னு இதுல தெளிவாப் போட்டிருக்கே. நீதானக்கா எழுதுன? விசாரிக்காமயா எழுதுவ?”

ஏதாவது பொய் சொல்லிச் சமாளிக்கலாம் என்றுகூட லீமாரோஸ் ஒரு நொடி நினைத்தாள். வெட்கங்கெட்ட நினைப்பு, அவளுக்கே தெரிந்தது. ‘அக்கரை’யைத் திறந்தாள். பெயர் என்ற குழியில் தன் பெயரைப் போட்டாள். ஊர் தங்கச்சிமடம். படகு எண் வாய்க்கு வந்தது ஒன்று. தட்டினாள்.

‘மேற்படி லீமாரோஸ் என்பவர் கைது செய்யப்பட்டு, அங்குள்ள சிறையில் அடைக்கப்பட்டுள்ளார்.’

பிரெசில்லா விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். கையிலிருந்த தாளைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

“எல்லாருக்கும் இதே வரிதானா?”

“ஆமா புள்ள.”

“அப்ப அவுகளப் பத்தி இதுல என்ன இருக்கு?”

“பேரு. ஊரு. படகு நம்பரு.” லீமாரோஸ் நாற்காலியிலிருந்து எழுந்தாள். “என்னய மன்னிச்சிரு. நான் கேக்காம விட்டுட்டேன்.”

பிரெசில்லா அழவில்லை. கத்தியிருந்தால், கையை ஓங்கியிருந்தால், லீமாரோஸ் வாங்கிக்கொண்டிருப்பாள். அவள் பேனாவை எடுத்து, “எங்கன போடணும்?” என்று பெஞ்சமினிடம் கேட்டாள். அவர் காட்டிய இடத்தில் நிதானமாகப் பெயரை எழுதினாள். பேனாவை வைத்துவிட்டு லீமாரோஸைப் பார்த்தாள்.

“நாலு நாளுக்கா. இந்தத் தாள நம்பி நாலு நாளும் வயிறாரச் சோறு தின்னேனே.”