ஒரு வாய் பஞ்சாமிர்தம்

என் மாமியாரைப் பார்த்துக்கொள்ள வந்த ஆயாம்மா, கையிலிருந்த துணிப்பையைக் கீழே வைக்கும் முன்பே எங்களுக்கு நிபந்தனை போட்டார்.

"பெரியம்மா வாயில போற எதுவும் என் கையாலதான் போகணும். நீங்க குடுக்கக் கூடாது, ஐயா குடுக்கக் கூடாது, வாரவுக போறவுக ஆரும் குடுக்கக் கூடாது. இதுக்குச் சரின்னா இருக்கேன். இல்லாட்டி மத்தியான பஸ்ஸுக்கே போயிருவேன்."

வேலைக்கு வந்த இடத்தில் இவ்வளவு அதிகாரமா என்று எனக்குச் சுருக்கென்றது. இப்போது 'அவர்', 'இவர்' என்று மரியாதையாக எழுதுகிறேன். அன்றைக்கு என் மனதுக்குள் அவர் 'அவள்'தான். ஆனாலும் தலையை ஆட்டினேன். ஆட்டாமல் என்ன செய்வது? நான் நகராட்சிப் பள்ளியில் ஆசிரியை. என் கணவருக்குப் புகையிலைக் கிட்டங்கியில் குமாஸ்தா வேலை. காலை ஒன்பது மணிக்குப் பூட்டினால் மாலை ஐந்து மணிக்குத்தான் வீடு திறக்கும். அப்படிப்பட்ட வீட்டில் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் போய், பேச்சும் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் பழக்கமான நர்ஸ் ஒருவர்தான் இந்த அம்மாவைச் சொல்லி அனுப்பினார். பக்கத்து ஊரான அகரத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும், கணவர் இல்லை. வார்டில் பல வருடம் ஆயாவாக இருந்தவர். வீட்டோடு தங்கிக்கொள்வார், கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார் என்றார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி அது. ஒரு வீட்டில் ஆயா எப்படி நோயாளியைப் பார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த சட்டம் எதுவும் எங்களுக்குத் தெரியாது. சட்டமெல்லாம் அந்த அம்மாவின் கைக்குள் இருந்தது. இரண்டு மணிக்கொரு தடவை மாமியாரைப் புரட்டிப் படுக்க வைப்பார். ஐந்து மாதத்தில் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. சாப்பாட்டு நேரம் வந்தால் மாமியாரைச் சுவரோரம் நிமிர்த்தி உட்கார வைத்து, இரண்டு பக்கமும் தலையணை செருகுவார். முகவாயைக் கொஞ்சம் கீழே தாழ்த்துவார். சின்னக் கரண்டியில் பாதி அளவு கெட்டிக் கஞ்சி. தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார். இறங்கினால்தான் அடுத்த கரண்டி. கன்னத்தின் உள்பக்கம் விரல் விட்டுப் பார்ப்பார். வெறும் தண்ணீரை டம்ளரில் கொடுக்கவே மாட்டார். அதையும் கஞ்சியோடு கலந்துதான். எல்லாம் முடிந்த பிறகும் அரை மணி நேரம் படுக்க விடமாட்டார்.

ஒரு வேளைக் கஞ்சிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். எனக்கு எரிச்சலாக வரும். கட்டில் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்தால் எதையாவது செய்யச் சொல்ல வேண்டும்போல் கை பரபரக்கும். "ஆயாம்மா, செத்த இந்தக் கீரைய ஆஞ்சு தாங்களேன்" என்பேன். "பெரியம்மா தூங்கட்டும், ஆயுறேன்" என்பார். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள் நான். இந்த ஒருத்தியை அடக்க முடியவில்லையே என்று எனக்குள் புகைச்சல் இருந்துகொண்டே இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பார்க்க வருகிறவர்கள்தான் பெரிய சங்கடம். நம் ஊரில் படுத்திருப்பவரைப் பார்க்க வெறுங்கையோடு யார் வருகிறார்கள்? ஆரஞ்சு, இட்லி, பால்கோவா என்று எதையாவது கொண்டுவருவார்கள். கொண்டுவந்தால் போதாது, தன் கையால் ஒரு வாய் ஊட்டினால்தான் அவர்களுக்கு மனது ஆறும். ஆயாம்மா குறுக்கே நின்று, "வச்சுட்டுப் போங்க, நான் குடுக்குறேன்" என்பார். வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் சுவரைப் பார்ப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் வந்தார். என் கணவரின் அக்கா. பழனிப் பக்கம் பாலசமுத்திரத்தில் வாழ்க்கைப்பட்டவர். மலையேறி, அம்மாவுக்கு வேண்டிக்கொண்டு, ஒரு டப்பா பஞ்சாமிர்தத்தோடு நேராக பஸ் ஏறி வந்திருந்தார். என் கணவர் வெளியே போயிருந்தார். நாத்தனார் டப்பாவைத் திறந்ததும் ஆயாம்மா எழுந்து வந்துவிட்டார்.

"அது வேணாங்கம்மா. வாழப்பழமும் கல்கண்டுமா இருக்கும். பெரியம்மாவுக்கு விழுங்க வராது. நெத்தியில பூசி விடுங்க."

நாத்தனாரின் முகம் சிவந்துவிட்டது. என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். "ஏனம்மிணி, எங்கம்மாளுக்கு நான் ஒரு வாய் குடுக்கறதுக்கு இவகிட்ட உத்தரவு வாங்கோணுமா? சாமி பிரசாதமாக்கும். இந்த வீட்ல ஆரு எசமானி, நீயா அவளா?"

அந்தக் கடைசிக் கேள்வி சரியான இடத்தில் தைத்தது.

அன்று தெருக்குழாயில் தண்ணீர் வருகிற முறை. திண்டுக்கல்லில் அந்த நாளில் தண்ணீர் வருகிறது என்றால் கல்யாணம், காதுகுத்தைக்கூட ஒத்திவைத்துவிட்டு ஓடுவார்கள். வழக்கமாக நான்தான் குடத்தோடு நிற்பேன். அன்றைக்கு ஆயாம்மாவிடம் குடத்தை நீட்டினேன். "மதினி வந்திருக்காக, நான் சமைக்கணும். நீங்க போயிட்டு வாங்க." அவர் என்னைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். தண்ணீர் எடுப்பது அவர் வேலை இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். குடத்தை வாங்கிக்கொண்டார்.

"நான் வார வரைக்கும் எதுவும் குடுத்துறாதீக டீச்சரம்மா."

"சரி" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

அவர் தெருமுனை திரும்பியதும் நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்து, படுத்திருந்த அம்மாவின் வாயில் ஒரு விரல் பஞ்சாமிர்தத்தை வைத்தார். மாமியாரின் கண் விரிந்தது. ஐந்து மாதமாகக் கஞ்சி தவிர எதையும் அறியாத நாக்கு. இன்னும் வேண்டும் என்பதுபோல் வாயைத் திறந்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். இந்த ஆசையைக்கூடப் பட விடாமல் வைத்திருந்தாளே அந்தப் பொம்பளை என்று நினைத்துக்கொண்டேன். நாத்தனார் இன்னும் இரண்டு வாய் கொடுத்தார். "தொண்டைல ஒட்டிக்கும், தண்ணி குடு அம்மிணி" என்றார். டம்ளரை எடுத்துக் கொடுத்தவள் நான்தான். வாயில் ஊற்றினார்.

ஒரு இருமல் வந்தது. பிறகு இருமலும் வரவில்லை. முகம் கறுத்தது, கண் மேலே செருகியது. தூக்கி உட்கார வைத்து முதுகில் தட்டினேன். எவ்வளவு நேரம் தட்டினேனோ, களக்கென்று மூச்சு திரும்பியது. இரண்டு பேரும் அழுதுவிட்டோம். சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். நான் மாமியாரின் வாயைத் துடைத்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து, பஞ்சாமிர்த டப்பாவை அலமாரியில் புடவைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஏன் தெரியுமா? ஆயாம்மா திட்டுவார் என்ற பயம். எசமானி யார் என்று காட்டப் போனவள், வேலைக்கு வந்தவருக்குப் பயந்து டப்பாவை ஒளித்தேன்.

அவர் குடத்தை இறக்கி வைத்ததுமே காதைத் தீட்டினார்.

"என்ன, மூச்சு கரகரங்குது? எதுவும் குடுத்தீகளா?"

"இல்லையே" என்றேன். நாத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காய்ச்சல் கண்டது. குதிரை வண்டியில் டாக்டர் வந்தார். நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, சாப்பாடு ஏதோ நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்றார். "யார் சாப்பாடு கொடுக்கிறது?"

ஆயாம்மா ஓர் அடி முன்னால் வந்தார். "நாந்தாய்யா. நேத்துக் காலையில கஞ்சி குடுத்தேன். நல்லாத்தான் எறங்குச்சு." அதைச் சொல்லும்போதே அவர் குரலில் உறுதி குறைந்தது. நல்லாத்தான் இறங்கியதா என்று அவரே யோசிக்கத் தொடங்கிவிட்டார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். என் கணவர் பக்கத்தில் நின்றார். பெற்ற மகளே சாமி பிரசாதத்தால் தாயைக் கொல்லப் பார்த்தாள் என்று ஊர் சொல்லுமே என்று பயந்தேன். நாத்தனாருக்காகப் பயந்தேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். குடத்தைக் கொடுத்து அனுப்பியது யார் என்ற கேள்வி வருமே என்றுதான் பயந்தேன்.

ஐந்தாம் நாள் மாமியார் போய்விட்டார். அந்த ஐந்து நாளும் ஆயாம்மா கண்மூடவில்லை. இழவு வீட்டில் பேச்சு தானாகவே உருண்டது. "ஆயா கஞ்சி ஊத்துனதுதான் பொரையேறிருச்சாம்." ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் சொன்னார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை, யாரிடமும் மறுக்கவும் இல்லை. காரியம் முடிந்த மறுநாள் அவர் துணிப்பையை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கினார். துக்க வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாதில்லையா? அந்த வழக்கம் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது!

இதோடு விட்டிருந்தால்கூட ஒருமாதிரி. இரண்டு மாதம் கழித்து வக்கீல் வீட்டு அம்மா ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவர்கள் வீட்டிலும் படுத்த படுக்கையாக ஒருவர். உங்கள் வீட்டில் இருந்த ஆயாவை நம்பி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அந்தக் காலத்தில் ஆயாவுக்குச் சான்றிதழ் என்றால் கடைசியாக இருந்த வீட்டுக்காரி சொல்கிற வார்த்தைதான். முழு மனதோடு நல்லவர் என்று சொன்னால், பிறகு எப்படி அப்படி நடந்தது என்று அடுத்த கேள்வி வரும். அதனால் சொன்னேன்: "தங்கமான மனுசிதான். ஊட்டுறதுல மட்டும் செத்த கவனமா இருக்கச் சொல்லுங்க."

வக்கீல் வீட்டு அம்மா வேறு ஆள் பார்த்துக்கொண்டார். இதைவிடக் கேவலமான வாக்கியம் ஒன்றை நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை.

பத்து வருடம் ஓடியது. உடன் வேலை பார்க்கும் ஆசிரியையின் மகள் கல்யாணத்துக்காக நிலக்கோட்டை போயிருந்தேன். திரும்பும்போது பூ மார்க்கெட் பக்கம் பஸ்ஸுக்கு நின்றேன். மல்லிகை கட்டிக்கொண்டிருந்த பெண்களின் வரிசையிலிருந்து, "டீச்சரம்மா!" என்று ஒரு குரல். ஆயாம்மாதான். தலை முழுதும் நரைத்திருந்தது. மகள் வீட்டோடு இருக்கிறாராம். என் கணவரை விசாரித்தார், பள்ளிக்கூடத்தை விசாரித்தார். முகத்தில் ஒரு துளி கோபமில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"பெரியம்மாவ நெனைக்காத நாளில்ல தாயி. எங்க தப்பு விட்டேன்னு இன்னைக்கு வரைக்கும் பிடிபடல. அதுக்கப்புறம் அந்த வேலைக்கே போகல. ஒரு உசுரு என் கையால போனதே போதும்."

அவருடைய வேலையைத்தான் கெடுத்தோம் என்று நான் நினைத்திருந்தேன். இப்படி ஒரு பாரத்தைத் தலையில் ஏற்றி அனுப்பியிருக்கிறோம் என்று தெரியாது. அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து சொன்னேன். பஞ்சாமிர்தம், தண்ணீர், டப்பாவை ஒளித்தது, இல்லையே என்று சொன்னது, வக்கீல் வீடு வரை எல்லாம் சொன்னேன்.

நாரைப் பிடித்திருந்த கை நின்றது. வார்டில் கேட்பதுபோல் கேட்டார்.

"ஒக்கார வச்சா குடுத்தீக?"

"இல்ல ஆயாம்மா. படுக்க வச்சு."

"அப்ப, என் கஞ்சி இல்ல."

"இல்ல."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மடியில் இருந்த பூவை ஒதுக்கி வைத்துவிட்டுத் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"எம் மகளுக்கு மூணு பிள்ளைக. மூணையும் நாந்தான் குளிப்பாட்டி வளத்தேன். ஒண்ணுக்குக்கூட இந்தக் கையால ஒரு வாய் சோறு ஊட்டல. மக கோவிச்சுக்குவா. கை நடுங்குதுன்னு பொய் சொல்லி ஒதுங்கிக்கிட்டேன். கடைக்குட்டிக்கே இப்ப அஞ்சு முடிஞ்சிருச்சு டீச்சரம்மா. அதுவே அள்ளித் திங்குது."