பலாக்கட்டிலின் மான்குட்டி

1. காலையில் கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் செதுக்கிய ஒரே ஒரு பெண்மான் இருந்தது.
2. நான் அதைத் தடவிப் பார்த்து, அளந்து, படமும் வரைந்தேன்.
3. மத்தியானத்துக்குள் அந்தக் கட்டிலில் ஒரு பெண்குழந்தை பிறந்தது.
4. பிறகு பார்த்தபோது மானின் காலடியில் ஒரு குட்டி நின்றது.

நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். நானே இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டால் எழுந்து போய்விடுகிறவள். திருவனந்தபுரத்தில் மூன்று வருடம் மரவேலையும் வரைபடமும் படித்தவள். அளவுகோலுக்குள் அடங்காத எதையும் நம்பியதில்லை.

பூதப்பாண்டிப் பக்கம் ஒரு வீடு. குடும்பத் தலைவர் இறந்துபோயிருந்தார். எங்கள் பக்கத்து மருமக்கள்வழி வழக்கத்தில் முன்னோர் பொருள் சகோதரியின் மகனுக்குப் போகும். இறந்தவர் தாமே செய்வித்தது மட்டும் மனைவி மக்களுக்கு. சகோதரியின் மகன் தாணு அந்தக் கட்டிலைக் கேட்டான். பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டத் துரைக்கு அதன்மேல் ஆசை, பழைய கட்டில் என்றால் நல்ல விலை தருவதாகச் சொல்லியிருந்தார். மனைவி பிச்சம்மையோ, கணவர் செய்வித்தது என்று சாதித்தாள். அவள் மகள் செம்பகம் பிரசவத்துக்கு வந்திருந்தாள். புகுந்த வீட்டில் பெற்ற இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. இந்தக் கட்டிலில் பிறந்த பிள்ளை எதுவும் தவறியதில்லை என்பது அந்த வீட்டுப் பெண்களின் நம்பிக்கை. கர்ப்பிணி இருக்கும் அறைக்குள் ஆண்கள் வரக்கூடாது என்பதால், மரத்தைப் பார்த்துக் கட்டிலின் வயது சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"பொண்ணக் கெட்ட வரல்ல, கட்டிலக் கெட்டிட்டுப் போவ வண்டியோட வந்து நிக்கான் பாரு," என்றாள் பிச்சம்மை, முற்றத்தில் நின்ற தாணுவுக்குக் கேட்கும்படி.

"கட்டிலு வாயாடாதுல்லா மாமி," என்றான் அவன்.

பார்த்தேன். கால்கள் பந்தைப் பற்றிய சிங்க நகங்கள். கப்பலில் வெள்ளைக்காரர்கள் வந்தபிறகு பரவிய மோஸ்தர். கால்களின் மேற்பகுதியில் இருந்த சிங்கங்களின் பிடரி மட்டும் கோயில் ஆசாரியின் சுருள்வேலை. இரும்பாணி ஒன்றில்லை, எல்லாம் மரமுளை. பலகை சுருங்கி முளைகள் துருத்தி நின்றன. பலா வெட்டிய புதிதில் மஞ்சளாக இருக்கும், காலம் போகப் போகத்தான் சிவந்து கறுக்கும். இது கருஞ்சிவப்பு. நூறு வயதுக்குக் குறையாது. அப்படியென்றால் முன்னோர் பொருள், தாணுவுடையது.

பிச்சம்மை என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "இப்பம் சொல்லாத மக்கா. அவ பெத்து எழும்பட்டும்."

நான் பதில் சொல்வதற்குள் செம்பகத்துக்கு வலி வந்துவிட்டது. கல்யாணமாகாதவள் என்று என்னை அடுக்களைக்கு அனுப்பிவிட்டார்கள். உள்ளே பிச்சம்மையும் மருத்துவச்சியும் மட்டும்தான். நெடுநேரம் கழித்து, அழுகை கேட்டது. நல்ல உரத்த அழுகை.

என் அளவுகோலை எடுக்க உள்ளே போனேன். செம்பகம் தூங்கிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் வெயில் விழுந்திருந்தது. அங்கே, என் விரல்கள் காலையில் வெறும் தட்டையாக உணர்ந்த இடத்தில், நனைந்ததுபோல் மினுங்கும் புதிதாய் வெட்டிய பலாவின் மஞ்சள் நிறத்தில் குட்டி புடைத்து நின்றது.

நம்பினால் நம்புங்கள். செதுக்குவது என்றால் மரத்தைக் குறைப்பது. இல்லாத மரத்தை எந்த உளியும் கொண்டுவராது. ஒட்டு இருக்கிறதா என்று நகத்தால் தேடினேன். இல்லை. மரத்தின் ரேகைகள் காலையில் நேராக ஓடியதை நான் படத்தில் போட்டிருந்தேன். இப்போது அவை, கிளை விடும் இடத்தில் வளைவதுபோல, குட்டியைச் சுற்றி வளைந்து ஓடின. எனக்குப் பயம் வரவில்லை. கோயிலில் நடை திறக்கும்போது கை தானாகக் குவியுமே, அப்படிக் கை குவிந்துவிட்டது.

தாணு பொறுமையிழந்து அறை வாசலுக்கே வந்துவிட்டான். பிள்ளை பிறந்த தீட்டு என்பதால் படியைத் தாண்டவில்லை. அங்கிருந்தே எட்டிப் பார்த்தான். மஞ்சள் அவன் கண்ணில் பட்டது.

"சாயம் பூசி ஏமாத்திருக்காவ! உரிஞ்ச எடத்துல பாரு, பச்சப் பலாத் தடி. இதையா எங்க முன்னோர் கட்டிலுன்னு துரைகிட்ட சொன்னேன்?"

"சாயமில்லை. நூறு வருடக் கட்டில். முளைகளைப் பாருங்கள்," என்றேன். என் தொழில் அது, சொல்லித்தான் ஆகவேண்டும்.

"படிச்ச பொம்பளைக்குச் சாயமும் தெரியல்ல," என்று சிரித்தான். "மாமியே வச்சுக்கிடட்டும்." வெறும் வண்டியோடு போய்விட்டான்.

பிச்சம்மை விளக்கைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தாள், அவ்வளவுதான்.

பிறகு ஒருமுறை பூதக்கண்ணாடியோடு போனேன். உளித்தடத்தைப் பார்த்தால் செதுக்கியவரின் கை தெரியும். மானின் மேலுள்ள வெட்டுகள் எல்லாம் இடக்கைக்காரருடையவை. காது மடலில் மட்டும் ஒவ்வொரு முறையும் உளி கொஞ்சம் வழுக்கியிருக்கிறது. குட்டியின் காதிலும் அதே வழுக்கல் இருந்தது. இரண்டும் ஒரே கை.

செம்பகத்தின் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். குட்டி தாயைப்போலவே சிவந்துவிட்டது. கட்டில் பிச்சம்மையின் வீட்டில்தான் இருக்கிறது. கட்டிலுக்கு வயது சொல்லிவிட்டேன். குட்டிக்கு என்னால் சொல்ல முடியவில்லை.