பரிமளா டீச்சர் கையைத் தூக்கிய நாள்

ஒரு வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ‘புரிஞ்சுது டீச்சர்’ என்று சொன்னால், உண்மையில் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்? பள்ளிப் படிப்பை முடித்து வெளியே வந்தபோதுகூட இதற்கு எனக்கு விடை தெரியாது. பரிமளா டீச்சரின் கதையைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

காவாந்தண்டலம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. அதில் மூன்றாம் வகுப்பு பரிமளாவுடையது. பாடம் முடிந்ததும் “புரிஞ்சுதா?” என்பார். பிள்ளைகள் சொல்லும் பதில் ரேஷன் கடை வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தத்தில் அவருக்கு ஒரு பெருமை. செங்கல் சூளை வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் ஜரணா, சேர்ந்த வாரமே எல்லாரையும்விட ஓங்கிச் சொன்னாள். பிள்ளை சட்டென்று பிடித்துக்கொண்டது என்று கணவர் ஜானிடம்கூடச் சொல்லி மகிழ்ந்தார்.

அப்போதுதான் உத்திரமேரூரில் ஆசிரியர் பயிற்சி வந்தது. பயிற்சி முடிந்ததும் பயிற்றுநர் வகுப்புக்கே வந்து, கற்றதைச் செய்கிறார்களா என்று பார்ப்பாராம். நல்ல டீச்சர் என்று எடுத்த பெயர் அன்றைக்குப் போய்விடக் கூடாதே என்பதுதான் பரிமளாவின் கவலை. முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

பயிற்றுநர் செந்தமிழனுக்குப் பரிமளாவின் மகன் வயதுதான் இருக்கும். ஒரே பாடவேளையில் மூன்று குழுக்களுக்கு மூன்று விதமாகக் கற்பிப்பது எப்படி என்று திரையில் காட்டினார். அம்புக்குறிகள் மேலும் கீழும் பாய்ந்தன. கடைசியில் “புரிஞ்சுதா?” என்றார்.

“புரிஞ்சுது சார்.” மண்டபமே சொன்னது. பரிமளாவின் குரல்தான் ஓங்கி ஒலித்தது.

பக்கத்தில் இருந்த வேதகிரி, தென்னேரிப் பக்கத்துத் தலைமையாசிரியர், மெல்லக் குனிந்தார். “இன்னா டீச்சர் சொன்னாரு அவரு? எனக்கு ஒண்ணும் ஏறல.”

“எனக்கு மட்டும் ஏறிச்சா சார்?”

“அப்ப ஏன் அம்மாஞ் சத்தமா சொன்னீங்க?”

“சொன்னாத்தான சார் டீக்கு வுடுவாங்க.”

வேதகிரி சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். பரிமளாவும் சிரித்தார். ஆனால் டீயைக் கையில் வாங்கியபோது ஜரணாவின் குரல் நினைவுக்கு வந்தது. அவளும் மணி அடிக்கட்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாளோ?

உள்ளே வந்ததும் பரிமளா கையைத் தூக்கினார். “சார், எனக்குப் புரியல.”

பிறகு வேதகிரி கையைத் தூக்கினார். பின்னால் ஒவ்வொரு கையாக எழுந்தது. செந்தமிழன் திரையை அணைத்தார்.

“எனக்குச் சொல்லிக் குடுத்தவங்க கேட்டப்ப, நானும் புரிஞ்சுதுன்னுதான் டீச்சர் சொன்னேன்.”

அதற்கப்புறம் யாருக்கும் கூச்சமில்லை. நாற்காலிகளை இழுத்துப் போட்டு, ஆசிரியர்களே பிள்ளைகளாக மூன்று குழுவாக உட்கார்ந்து, சாயங்காலத்துக்குள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

செந்தமிழன் வகுப்புக்கு வந்த அன்று மணி பார்க்கும் பாடம். பரிமளா பழக்கதோஷத்தில் “புரிஞ்சுதா?” என்று கேட்டுவிட்டார். வழக்கமான முழக்கம் வந்தது. அத்தோடு விட்டிருந்தால் நல்ல பெயர் நிச்சயம். ஆனால் அவர் மண்டபத்தில் தான் சொன்ன பொய்யைப் பிள்ளைகளிடம் சொன்னார், டீ உட்பட. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு அடங்கும்போது ஜரணாவின் கை மேலே இருந்தது.

“டீச்சர், பெரிய முள்ளு புரிஞ்சுது. சின்ன முள்ளு புரியல.”

அவள் சொந்தமாகப் பேசிய முதல் தமிழ் அது. அவளைப் பார்த்து உள்ளூர்ப் பிள்ளைகளும் கையைத் தூக்கினார்கள். பாடம் பாதியில் நின்றது; பெரிய முள் புரியாதவர்கள், சின்ன முள் புரியாதவர்கள், இரண்டும் புரிந்தவர்கள் என்று பிள்ளைகள் மூன்று குழுவாக உட்கார்ந்தார்கள். பரிமளா தயங்கித் தயங்கிப் பின்பக்கம் பார்த்தார். செந்தமிழன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, சின்ன முள் குழுவில் தரையில் உட்கார்ந்துகொண்டிருந்தார்.

உங்களுக்குத் தெரிந்த ஆசிரியர்கள் இருந்தால் இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லி முடித்துவிட்டு, புரிஞ்சுதா என்று மட்டும் கேட்காதீர்கள்.